மண்டபம் புக் ஆன மறுநாள்: சின்னக் கல்யாணத் தொழில்களுக்கு ஆள் வரும் வழி

மளிகைக் கடைக்காரருக்கு ஒரு குடும்பம் பிடித்துவிட்டால் இருபது வருடம் அந்த வீட்டுச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். மணப்பெண் மேக்கப் போடுபவருக்கும் மேடை அலங்காரம் செய்பவருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதே பெண் அடுத்த தையில் திரும்பி வரப்போவதில்லை. தங்கைக்கு என்று வரலாம். அதற்கும் நாலைந்து வருடம் ஆகும். ஆக, இந்தத் தொழிலில் இருப்பவர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புது ஆளைத் தேடியாக வேண்டும்.

வருகிறவரும் சாதாரணமாக வருவதில்லை. பெரிய தொகையோடும் அதைவிடப் பெரிய பயத்தோடும் வருகிறார். பந்தியில் சாம்பார் கரித்துவிட்டால் நாளைக்கு நல்லதாக வைத்துக்கொள்ளலாம் என்று சமாளிக்க முடியாது. தாலி கட்டும் நேரத்தில் கேமராவை யாரோ மறைத்துவிட்டால் இன்னொரு தடவை கட்டுங்கள் என்று கேட்க முடியாது. (கேட்கிற ஆட்களும் உண்டு. மாப்பிள்ளையின் கையை அப்படியே பிடித்து வைத்திருக்கச் சொல்லி நாலு கோணத்தில் எடுப்பதை எல்லோருமே பார்த்திருக்கிறோம்.) இந்தப் பயம் இருப்பதால்தான் கல்யாண வீட்டார் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முதலில் தெரிந்தவரிடம் கேட்கிறார்கள். கேட்டுக் கிடைத்த பெயரை அப்புறம் போனில் தேடிச் சரிபார்க்கிறார்கள்.

கையில் காசு குறைவாக உள்ள சின்னத் தொழில்காரர் இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் போதும், பாதிச் செலவு மிச்சம்.

யார் யாரிடம் முதலில் போகிறார்கள்

தமிழ்நாட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் வேலைகள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் நடக்கின்றன. ஜோதிடரிடம் நாலைந்து முகூர்த்தத் தேதி வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போவார்கள். எந்தத் தேதிக்கு மண்டபம் காலியோ அதுவே முகூர்த்தம். அதன் பிறகு சமையல்காரர், போட்டோ, பத்திரிகை அடிக்க அச்சகம், பட்டு எடுக்கக் காஞ்சிபுரமோ ஆரணியோ இளம்பிள்ளையோ, தாலிக்கு நகைக்கடை. பட்டு எடுத்த கையோடு ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் (கையால் போடும் எம்பிராய்டரி வேலைப்பாடு) கொடுத்தாக வேண்டும். அது முடியவே வாரக்கணக்கில் ஆகும். மேக்கப், மெஹந்தி, மேடை அலங்காரம், சீர்வரிசைத் தட்டு, மாலை எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை.

இதில் உங்கள் வேலை எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். உங்களுக்கு ஒரு படி முன்னால் இருப்பவருக்கு அந்தக் கல்யாணம் உங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மண்டப மேனேஜருக்குத் தெரிந்தது சமையல்காரருக்கு இன்னும் தெரியாது. ஆரி ஒர்க் போடும் தையல் அக்காவுக்கு மணப்பெண்ணின் தேதி, புடவை நிறம், எவ்வளவு செலவழிக்கத் தயாராக இருக்கிறார் என்பது வரை தெரியும். மேக்கப் போடுபவருக்கு இன்னும் பெண்ணின் பெயரே தெரியாது. ஒரு மேக்கப் கலைஞர் தன் ஊரில் நல்ல ஆரி ஒர்க் போடும் மூன்று பேரோடு பழக்கம் வைத்துக்கொள்வது, நகரம் முழுக்க நோட்டீஸ் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

முடிவெடுப்பவரும் வேலைக்கு வேலை வேறு. மண்டபமும் சாப்பாடும் அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடிப்பவை. அங்கே உறவினர் வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பு. "போன மாசம் நம்ம மச்சான் வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டோமே, அந்த மாஸ்டர்" என்று ஆரம்பித்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. மேக்கப்பும் மெஹந்தியும் மணப்பெண்ணின் முடிவு, அவரோடு நாலு தோழிகளின் முடிவு. அது இன்ஸ்டாகிராமில் தொடங்குகிறது. போட்டோ இரண்டுக்கும் நடுவில்: பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், பேரம் பேசுவது தாய்மாமன். சமையல் காண்ட்ராக்டர் ரீல்ஸ் போட்டுக் காத்திருப்பதும், மெஹந்தி போடுபவர் மண்டப மேனேஜரையே சுற்றிச் சுற்றி வருவதும் ஆள் மாறிப் போன முயற்சி.

மண்டப மேனேஜரும் கமிஷனும்

மண்டப மேனேஜர் மேஜைக்கு அடியில் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு இருக்கும். அதில் உங்கள் கார்டையும் வைத்துவிட்டு வருவதால் ஒன்றும் நடக்காது. அட்வான்ஸ் கட்ட வந்தவர் "டெகரேஷனுக்கு யாராவது இருந்தா சொல்லுங்க சார்" என்று கேட்கும்போது மேனேஜர் வாயிலிருந்து வருவது ஒன்றிரண்டு பெயர்தான். அந்தப் பெயர் எப்படி உருவாகிறது?

கமிஷன் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் வேலைத் தொகையில் ஒரு பங்கு மேனேஜருக்குப் போகிறது. சில மண்டபங்களில் டெகரேஷனும் சமையலும் தங்கள் ஆள்தான் செய்ய வேண்டும் என்று விதியே உண்டு; வெளி ஆளைக் கூட்டி வந்தால் மண்டபத்துக்குத் தனியாக ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். இது தெரியாமல் வேலையை ஒப்புக்கொண்டு, கடைசியில் அந்தத் தொகையை யார் கட்டுவது என்று வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பதைத் தவிர்க்க, முதல் போனிலேயே எந்த மண்டபம் என்று கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் கமிஷன் மட்டும் போதாது. மேனேஜருக்குத் தலைவலி தருகிற விஷயங்கள் வேறு: சுவரில் ஆணி அடிப்பது, பெயிண்ட் உரியும்படி டேப் ஒட்டுவது, அடுத்த பார்ட்டி வந்து நிற்கும்போதும் ஸ்டேஜைப் பிரிக்காமல் இருப்பது, வாடிய பூவையும் தெர்மாகோலையும் பின்வாசலில் குவித்துவிட்டுப் போவது, ஜெனரேட்டர் லோடு தாங்காத அளவுக்கு லைட் போடுவது. இந்த ஐந்தையும் செய்யாத டெகரேட்டரின் பெயரை, கமிஷன் கொஞ்சம் குறைந்தால்கூட, மேனேஜர் தயங்காமல் சொல்வார். சொன்னவருக்குப் பின்னால் திட்டு விழக் கூடாது இல்லையா? ஒரு மண்டபத்தில் வேலை முடிந்ததும் மேடை சுத்தமாக இருப்பதை ஒரு போட்டோ எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், ஸ்டேஜ் கிளியர் பண்ணிட்டோம், சாவி வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டேன்" என்று ஒரு வரி எழுதுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

கமிஷனை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டி ரேட்டை ஏற்றினால், நேரடியாக வந்த இன்னொருவர் குறைந்த ரேட்டுக்கு வேலை வாங்கியது எப்படியும் வெளியே வந்துவிடும். கல்யாண வீடுகளில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பந்தியிலேயே பேசப்படுகிற விஷயம். கமிஷனைத் தன் விளம்பரச் செலவாக எழுதிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே ரேட் வைப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது.

போட்டியாளரிடமிருந்து வரும் வேலை

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியையும் நிறையப் பேர் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களிலும் நல்ல நாட்கள் குறைவு, அதிலும் வளர்பிறை முகூர்த்தம்தான் பலருக்கு வேண்டும். விளைவு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊரிலுள்ள எல்லா மண்டபமும் நிரம்புகிறது. பெயர் வாங்கிய போட்டோகிராபருக்கு அந்த ஒரு நாளைக்கு ஏழெட்டுப் போன் வரும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விடத்தான் வேண்டும்.

விட்ட வேலை யாரிடம் போகிறது? அவர் நம்பும் இளைய போட்டோகிராபரிடம். ஆகவே புதிதாக வருபவர், பெரிய பெயர்களைப் பகைத்துக்கொண்டு ரேட்டை அடித்துப் பிடிப்பதைவிட, அவர்களிடம் இரண்டாவது கேமராவுக்குப் போவது புத்திசாலித்தனம். மேக்கப்பிலும் அப்படித்தான்: மணப்பெண்ணுக்குப் பெரியவர் போடுவார், கூட வரும் அக்கா தங்கை, நாத்தனார்களுக்கு உதவியாளர் போடுவார். சம்பளம் குறைவுதான், ஆனால் கைக்கு வேலை வருகிறது, முகமும் பழகுகிறது.

இதில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. இன்னொருவர் பெயரில் போன கல்யாணத்தில் உங்கள் கார்டை நீட்டக் கூடாது. அந்த வீட்டார் உங்களைத் தனியாக அழைத்துக் கேட்டாலும், "அண்ணன்கிட்டயே பேசிடுங்க" என்பதுதான் பதில். ஒரு தடவை மீறினாலும் செய்தி ஊர் முழுக்கப் போய்விடும். அதற்குப் பிறகு முகூர்த்த நாளில் உங்கள் போன் மட்டும் அடிக்காது.

ஐந்நூறு பேர் பார்த்தார்கள், யார் செய்தது?

கல்யாணத் தொழிலின் வினோதம் இது. ஒரு மேடை அலங்காரத்தை ஒரே மாலையில் ஐந்நூறு அறுநூறு பேர் பார்க்கிறார்கள். அவர்களில் பத்து வீட்டிலாவது அடுத்த ஓரிரு வருடத்துக்குள் கல்யாணம் இருக்கும். எல்லாரும் அந்த மேடையில் ஏறி நின்று போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதைச் செய்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எந்தப் பத்திரிகை விளம்பரமும் இப்படிச் சரியான ஆட்களை ஒரே அறையில் உட்கார வைக்காது. அதைப் பெயர் தெரியாமலே கடந்து போகிறோம்.

அதற்காக மேடையில் போர்டு மாட்டினால் வீட்டார் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. சின்ன இடங்கள் உண்டு. வாசலில் மணமக்கள் பெயர் எழுதி வைக்கும் வரவேற்புப் பலகையின் கீழ் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி. பீடா ஸ்டாலிலும் ஐஸ்கிரீம் கவுண்டரிலும் பெயர் எழுதுவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பரிமாறும் ஆட்களுக்கு ஒரே நிறச் சட்டை, சட்டைப் பாக்கெட்டுக்கு மேல் பெயர். மெஹந்தி போடுபவருக்கு இன்னும் சுலபம்: மணப்பெண்ணுக்குப் போட்டு முடித்தபின் சுற்றி உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்களுக்கு ஆளுக்கொரு பூ போட்டுக் கொடுத்தால் அவர்கள் அம்மாக்கள் தானாகவே நம்பர் கேட்பார்கள்.

தாம்பூலப் பையும் ஒரு வழி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கியது. துணிப்பை, வீட்டுக்குப் போனபிறகும் காய்கறி வாங்க வெளியே வரும். ஒரு சமையல் காண்ட்ராக்டர், "பையை நான் அடக்க விலைக்கு அடித்துத் தருகிறேன், ஒரு பக்கம் உங்கள் வீட்டுப் பெயர், அடியில் சின்னதாக என் பெயர்" என்று கேட்டால் பல வீடுகளில் சரி என்பார்கள். கேட்காமல் அடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காகச் சாலை நடுவில் வைத்த பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் உயிரிழந்தார். அனுமதி இல்லாத பேனர் வைப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். நல்ல காரியத்துக்கு வேலை செய்யும் ஒருவரின் பெயர் அப்படி ஒரு இடத்தில் தொங்க வேண்டுமா என்பது இன்னொரு பக்கம்.

போனில் தேடும்போது

பெயர் கேள்விப்பட்டதும் அடுத்தது தேடல். இதில் காசே கேட்காத ஒன்று கூகுள் பிசினஸ் புரொஃபைல். (2021 வரை இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர்.) கடை இல்லாமல் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்குப் போவோம் என்பதை மட்டும் காட்டலாம்; வீட்டு முகவரியை ஊருக்கெல்லாம் சொல்லத் தயங்கும் பெண்களுக்கு இது முக்கியம். கணக்கைச் சரிபார்க்க வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம்: மேக்கப் பெட்டி, விசிட்டிங் கார்டு, வேலை செய்யும் இடம் போன்றவற்றைக் காட்ட வேண்டியிருக்கும்.

யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுளே சொல்லும் அளவுகோல் மூன்று: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்டவர். தூரத்தை நாம் மாற்ற முடியாது. பொருத்தம் என்பது வகையைச் சரியாகத் தேர்வதில் இருக்கிறது. போட்டோகிராபர் என்று பொதுவாகப் போடுவதும் திருமணப் போட்டோகிராபர் என்று போடுவதும் ஒன்றல்ல. மூன்றாவதற்கு மதிப்புரைகள் உதவும். மதிப்புரைக்குத் தள்ளுபடி, பரிசு என்று ஆசை காட்டுவதைக் கூகுள் விதிகள் தடுக்கின்றன. கேட்பதற்குத் தடை இல்லை. எப்போது கேட்பது என்பதுதான் விஷயம். கல்யாணத்தன்று இரவு கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து, போட்டோ கைக்குப் போய்ச் சேர்ந்து, குடும்பமே உட்கார்ந்து பார்த்து மகிழ்கிற நாள்தான் சரியான நாள். "அம்மா, ஆல்பம் எல்லாருக்கும் பிடிச்சிருந்ததா? ஒரு நிமிஷம் இருந்தா இந்த லிங்க்ல எந்த மண்டபத்துல, என்ன வேலை பண்ணோம்னு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கம்மா" என்று கேட்டால் மகளோ மகனோ எழுதிவிடுவார்கள். வெறும் ஐந்து நட்சத்திரத்தைவிட, "முகூர்த்தம் காலை ஆறு மணி, நாலு மணிக்கே வந்துவிட்டார்கள்" என்ற ஒரு வரி படிப்பவருக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொரு சின்ன வழி. மண்டபம் பார்க்கிற எல்லாரும் அதைக் கூகுள் மேப்பில் தேடி, அங்கே இருக்கும் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் படம் சேர்க்கலாம். நீங்கள் அந்த மண்டபத்தில் செய்த மேடையின் படத்தை உங்கள் தொழில் பெயரிலுள்ள கணக்கிலிருந்து போடுங்கள். படத்தின் மேல் போன் நம்பர் அடித்துப் போடாதீர்கள், நீக்கிவிடுவார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-ல் வந்தது. இன்றைக்குக் கல்யாணத் தொழிலில் அது இல்லாதவர் குறைவு. ஆனால் பெரும்பாலானவர்கள் அதைச் சாதாரண வாட்ஸ்அப் போலத்தான் வைத்திருக்கிறார்கள். விசாரித்தவர், அட்வான்ஸ் கொடுத்தவர், பேலன்ஸ் தர வேண்டியவர் என்று லேபிள் போட்டுப் பிரிக்கலாம், கேட்லாக்கில் பத்துப் படம் விலையோடு வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். எங்கிருந்தோ வாங்கிய நம்பர்களைச் சேர்த்துப் பலனில்லை. அதே மாதிரி, யாரோ விற்கும் பட்டியலுக்கு மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதும் வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி வணிக எஸ்எம்எஸ் அனுப்ப முறையான பதிவு வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஆள் நழுவும் இடம் ஒன்றே ஒன்று. அது முதல் கேள்வி: "ஸ்டேஜ் டெகரேஷன் ரேட் எவ்ளோ?"

வழக்கமான பதில்: "15 ஆயிரத்துல இருந்து 2 லட்சம் வரைக்கும் இருக்கு மேடம், நேர்ல வாங்க பேசிக்கலாம்." இதைப் படித்தவருக்கு எதுவும் புரியாது. அடுத்தவருக்குப் போன் போடுவார். கொஞ்சம் மெனக்கெட்டால் இப்படி எழுதலாம்:

"வணக்கம் மேடம். தேதியும் மண்டபமும் சொன்னால் அன்றைக்கு நாங்கள் காலியா என்று உடனே சொல்லிவிடுவேன். அந்த மண்டபத்து மேடையில் செய்த படம் இருந்தால் அதையே அனுப்புகிறேன். செயற்கைப் பூ என்றால் 22,000-லிருந்து, பாதி நிஜப் பூ என்றால் 35,000-லிருந்து ஆகும். லைட், வண்டி வாடகை இதில் சேர்ந்தது. வாசல் வளைவு தனி. நிஜப் பூ விலை மட்டும் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு உறுதி செய்வோம்."

தொகைகள் உதாரணத்துக்குத்தான், அவரவர் ஊர் நிலவரத்துக்கு மாறும். கடைசி வரியைக் கவனியுங்கள். முகூர்த்த நாட்களில் தோவாளை, மாட்டுத்தாவணி பூச்சந்தைகளில் மல்லிகை விலை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதை முதலிலேயே எழுதிவிட்டவருக்குப் பின்னால் சண்டை வராது; சண்டை வராத வீட்டிலிருந்துதான் அடுத்த வேலை வரும். இந்தப் பதிலை ஒரு தடவை எழுதிக் குயிக் ரிப்ளையில் வைத்துக்கொண்டால் நடு இரவில் வரும் விசாரணைக்கும் அரை நிமிடத்தில் பதில் போய்விடும்.

இன்ஸ்டாகிராமைப் பற்றி ஏற்கெனவே ஊரே பேசுவதால் சுருக்கமாக: மேக்கப், மெஹந்தி, போட்டோ மூன்றுக்கும் அது வேண்டும், சமையலுக்கும் பந்தலுக்கும் இருந்தால் சரி. ஊர்ப் பெயர் இல்லாத ரீலை மூன்று லட்சம் பேர் பார்த்தாலும், அதில் உங்கள் ஊர்க்காரர் முப்பது பேர் இல்லை என்றால் போன் வராது. முகத்தை வெள்ளையடிக்கும் ஃபில்டர் போட்ட படத்தைவிட, மாநிறப் பெண்ணுக்கு அவர் நிறத்திலேயே செய்த மேக்கப்பைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் இங்கே அதிகம் பேசும்.

படம் போடும் முன் ஒரு சட்ட விஷயம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி எடுக்க வைத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. கேமரா என்னுடையது, கை என்னுடையது என்று போட்டோகிராபர் வாதாட முடியாது. ஆகவே அட்வான்ஸ் ரசீதிலேயே, "தேர்ந்தெடுத்த சில படங்களை எங்கள் வேலையைக் காட்டப் பயன்படுத்தலாம் / கூடாது" என்று இரண்டு கட்டம் போட்டு டிக் வாங்கிவிடுங்கள். கூடாது என்று டிக் அடித்த வீட்டின் படத்தைக் கடைசிவரை தொடாதவர் என்ற பெயரும் ஊரில் பரவும்.

காசு கொடுத்து வாங்கும் விசாரணைகள்

கல்யாண சேவைகளைப் பட்டியலிடும் தளங்கள் நிறைய வந்துவிட்டன. வெட்மீகுட், மேட்ரிமோனி நிறுவனத்தின் வெட்டிங்பஜார், பொதுவானவற்றில் ஜஸ்ட்டயல். இலவசமாகப் பெயர் பதிய முடிகிற இடங்களிலெல்லாம் பதிந்துவிடுவதில் தப்பில்லை. காசு கட்டி லீட் (விசாரிப்பவரின் விவரம்) வாங்கும்போதுதான் பேனாவை எடுக்க வேண்டும். அதே விசாரணை உங்களுக்கு மட்டும் வருகிறதா, இன்னும் நாலு பேருக்கும் போகிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

சும்மா ஒரு கணக்கு. ஒரு மேடைக்கு 40,000 வாங்கி, பூ, ஆள் கூலி, வண்டி போக 9,000 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 ரூபாய்க்கு ஆன்லைன் விளம்பரம் போட்டதில் நாற்பது பேர் விசாரித்தார்கள். பாதிப் பேர் ரேட் கேட்டுவிட்டு மறைந்தார்கள், சிலருக்குத் தேதி ஒத்துவரவில்லை, சிலர் வேறு மாவட்டம், கடைசியில் ஒன்று முடிந்தது. கையில் நிற்பது 4,000. மண்டப மேனேஜர் மூலம் வந்து பத்து சதவீதம் கொடுத்தால் 5,000 நிற்கும். பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தால் ஒன்பதும் நிற்கும்; அவர்கள் வீட்டுக்கு ஒரு கிலோ ஸ்வீட்டோடு போய் நன்றி சொன்னாலும் எட்டரைக்குக் குறையாது. இதை ஒவ்வொருவரும் தன் கணக்கில் போட்டுப் பார்க்க, ஆர்டர் நோட்டில் "யார் சொல்லி வந்தார்" என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பினால் போதும். ஒரு சீசன் முடிந்ததும் எந்த வழிக்கு இனி காசு போடக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆடியில் என்ன செய்வது

சீசன் இல்லாத மாதங்களில் கடன் வாங்கி ஓட்டுகிற தொழில் இது. ஆனால் கல்யாணத்துக்கு வாங்கிய அதே பந்தலும் பாத்திரமும் கேமராவும் வேறு சடங்குகளுக்கும் போகும். மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூரில் அறுபது முடித்தவருக்குத் தம்பதியாக உட்கார வைத்துச் சடங்கு செய்வது கணவர் பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில். ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான், மார்கழியில் பிறந்தவருக்கு மார்கழியில்தான். அங்கே வருடம் முழுக்க வேலை இருக்கிறது. ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகள். நேரில் வந்து பேரம் பேச நேரம் இல்லாதவர்கள். சாப்பாடு, போட்டோ, மாலை, தங்க அறை என்று எல்லாவற்றையும் ஒரே விலையில் எழுதி அனுப்பக்கூடியவருக்கு அந்த வேலை போகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து வடகாடு, கீரமங்கலம் பக்கமும் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியிலும் ஆடி, ஆவணியில்தான் மொய் விருந்து, அதாவது விருந்து வைத்து மொய்ப்பணம் திரட்டும் வழக்கம். பந்தல், கறிச்சாப்பாடு, பத்திரிகை, மைக் செட் எல்லாம் அப்போது அங்கே தேவை. கல்யாணம் இல்லாத ஆடியில் கிடாக்கறி சமைக்கும் மாஸ்டருக்கு அந்தப் பக்கம் ஒரு நாள்கூட ஓய்வு இருக்காது. காதணி விழா, வளைகாப்பு, புதுமனை புகுவிழா வீடுகள் இன்னொரு விதத்தில் முக்கியம்: காதுகுத்து வீட்டில் நல்ல பெயர் வாங்கிய போட்டோகிராபரை அந்த வீட்டு அத்தை மகளின் கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். சின்ன ரேட், சின்ன ரிஸ்க், நல்ல முன்னோட்டம்.

இஸ்லாமிய, கிறிஸ்தவ வீடுகளின் காலண்டரும் வேறு. ரமலான் மாதத்தில் நிக்காஹ் அரிது. ஹிஜ்ரி மாதங்கள் வருடத்துக்கு ஏறக்குறைய பதினோரு நாள் முன்னே நகர்வதால் அந்த இடைவெளியும் நகர்ந்துகொண்டே போகும். கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதைத் தவிர்ப்பார்கள். மூன்று சமூகத்திலும் நாலு வீட்டில் பழக்கம் உள்ளவருக்குக் காலியான மாதம் குறையும். அதற்கு அந்தந்த வீட்டு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும்: பூசை நடக்கும்போது ஃப்ளாஷ் அடிக்கலாமா என்று பங்குத்தந்தையிடம் முன்பே கேட்பது, பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபரை அனுப்புவது, இப்படி.

ஆடியில் செய்யக்கூடிய இன்னொன்று சிவகாசிக் காலண்டர். அடுத்த ஆண்டுக்கான ஆல்பங்களைச் சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்றுதான் வெளியிடுவார்கள். சீக்கிரம் ஆர்டர் கொடுத்தால் பேரம் பேச இடம் இருக்கும். தினசரிக் காலண்டர் பழைய உத்திதான், கல்யாணத் தொழிலுக்கு மட்டும் அது இன்னும் பழசாகவில்லை. முகூர்த்த நாள் எது என்று பார்க்க வீட்டுப் பெரியவர் கிழித்துப் புரட்டுவது அந்தக் காலண்டரைத்தான். அவர் கண்ணுக்கு நேரே, தேதிக்கு மேலேயே உங்கள் பெயர் இருக்கும். ஊர் முழுக்க இறைக்க வேண்டாம். இந்த வருடம் வேலை செய்த வீடுகள், ஆரி ஒர்க் அக்கா, அச்சகம், நாலு மண்டபத்து மேனேஜர்கள், உங்கள் பகுதி ஜோதிடர் இருவர். மார்கழியில் வேலை இருக்காது, பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே நேரில் போய்க் கொடுக்கலாம். தைக்கு யார் வீட்டில் கல்யாணம் என்று அந்தப் பேச்சிலேயே நாலு பெயர் கிடைத்துவிடும்.